காற்று தூக்கும், மண் பிடிக்கும்: இரும்புக் கால் ஊன்றிய வரலாறு

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



ஓசூரிலிருந்து தளி, பாகலூர், பேரிகை, சூளகிரி என்று எந்தப் பக்கம் போனாலும் வெள்ளைக் கூரை போட்ட பசுமைக்குடில்கள் கண்ணில் படுகின்றன. பாலிஹவுஸ் என்று சொல்கிறோமே, அதுதான். உள்ளே ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன், குடைமிளகாய். இரும்புக் குழாயை நட்டு, வளைவு போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டிய வீடு அது.

குடில் போடப் போகிற விவசாயி என்னென்ன பார்க்கிறார்? குழாய் எத்தனை மில்லி கனம், துத்தநாகப் பூச்சு சரியாக இருக்கிறதா, தாள் எத்தனை மைக்ரான், எத்தனை வருஷம் தாங்கும். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் கால் ஊன்றுகிற குழியை யாராவது குனிந்து பார்க்கிறோமா? குழி எடுப்பது கூலி ஆள் வேலை என்று விட்டுவிடுகிறோம். பெருங்காற்று அடிக்கும்போது பல குடில்கள் தோற்பது அந்தக் குழியில்தான். ஆகவே இரும்பை மண்ணில் ஊன்றுகிற வித்தையை மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான், அதில் நமக்கு என்ன இருக்கிறது என்பதை இன்றைக்குப் பேசுவோம்.

கல்லும் இரும்பும் நம் மாவட்டத்துக்குப் புதிது இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மூடிய கல்வீடுகளைப் போல நிற்கும் கல்திட்டைகளை இன்றும் பார்க்கலாம். ஊருக்கு ஊர் நடுகற்கள் இருக்கின்றன. மாடு மீட்கப் போய் உயிர் விட்ட வீரனுக்கு நட்ட கல், ஆயிரம் வருஷத்து மழையிலும் காற்றிலும் நிற்கிறது. இரும்பை எடுத்துக்கொண்டால், மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முந்தியது என்று 2022-ஆம் ஆண்டு மே மாதம் தமிழக சட்டப்பேரவையிலேயே அறிவித்தார்கள்.

ஆக, கல்லை நடத் தெரியும், இரும்பைக் காய்ச்சத் தெரியும். ஆனால் இரும்பையே காலாக மண்ணில் ஊன்றி, அதன் மேல் வீடு கட்டுவது மட்டும் ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. அதற்கு வயசு 200 வருஷத்துக்கும் குறைவுதான்.

நடுகல்லோ, திராட்சைப் பந்தலுக்கு நிறுத்துகிற கல்தூணோ ஏன் நிற்கிறது? கீழே கொஞ்சம் புதைந்திருக்கிறது, அதோடு சொந்தக் கனமும் இருக்கிறது. நம் கோயில், வீடு, கிணற்றுச் சுவர் எல்லாமே கனத்தால் நிற்பவை. அதனால்தான் அஸ்திவாரம் என்றாலே 'பாரம் தாங்குவது' என்று நம் மனசில் பதிந்துபோனது. வீடு பூமிக்குள் இறங்கிவிடக் கூடாது, அதற்குத்தான் அஸ்திவாரம். இதுதான் நம் தாத்தா காலத்துக் கணக்கு. கல்லுக்கும் செங்கலுக்கும் அந்தக் கணக்கு சரி.

இரும்பு வந்ததும் வீடு லேசாக ஆரம்பித்தது. 1851-ல் லண்டன் நகரத்தில் ஒரு பெரிய கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாக ஒரு மாளிகை எழுப்பினார்கள். வடிவம் போட்டுக் கொடுத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் தோட்டக்காரர்! செடி வளர்க்கக் கண்ணாடிக் குடில் கட்டிக் கட்டிப் பழகியவர். அந்த மாளிகையைப் பார்த்து எழுந்ததுதான் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகை. 1889-ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். மலர்க் கண்காட்சிக்குப் போன நம் ஓசூர்க்காரர் எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பீங்க. அதுவும் வார்ப்பிரும்புத் தூண், கண்ணாடிக் கூரை. கல் மண்டபத்தைவிட லேசு என்றாலும் கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. 1948-ல் அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எம்மெர்ட் என்ற பேராசிரியர், கண்ணாடி வாங்கக் காசு போதாமல், மெல்லிய தாளைக் கூரையாகப் போட்டுச் செடி வளர்த்துக் காட்டினார். அதிலிருந்து பெருகி வந்ததுதான் இன்றைய பாலிஹவுஸ். விலை குறைந்தது, எடையும் குறைந்தது. அங்கேதான் பழைய கணக்கு தலைகீழானது. இந்த வீடு பூமிக்குள் இறங்காது. மேலே கிளம்பிவிடும்!

'என்னங்க, இத்தனை டன் இரும்பு போட்டிருக்கோம், காத்து என்ன பண்ணிடும்?' என்று நீங்க கேட்கலாம். கணக்குப் போட்டே பார்ப்போம்.

கட்டடத்துக்குக் காற்று வேகம் எவ்வளவு வைக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி ஒன்று இருக்கிறது. அதில் பெங்களூருக்கு வைத்திருக்கும் வேகம் நொடிக்கு 33 மீட்டர். அதாவது மணிக்கு சுமார் 119 கிலோமீட்டர். பக்கத்தில் இருக்கிற நமக்கும் அதையே வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அடிக்கிற காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ அழுத்தம் கொடுக்கும். வளைந்த கூரையின் மேல் காற்று வழுக்கிப் போகும்போது கூரையை மேலே உறிஞ்சுகிறது. அழுத்தத்தில் பாதிதான் மேலே தூக்குகிறது என்று வைத்தால்கூட சதுர மீட்டருக்கு 32 கிலோ.

ஒரு குடிலில் காலுக்குக் கால் ஒரு பக்கம் 8 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் என்று வையுங்க. நடுவில் நிற்கிற ஒவ்வொரு காலும் 32 சதுர மீட்டர் கூரைக்குப் பொறுப்பு. 32-ஐ 32-ஆல் பெருக்கினால் ஆயிரம் கிலோ சொச்சம். ஒரு டன் பாரம் அந்த ஒற்றைக் காலை மேலே இழுக்கிறது. குடிலின் எடையில் அந்தக் காலின் பங்கு 200 கிலோ என்று தாராளமாகவே கழித்துக்கொள்வோம். குழியில் போட்ட காங்கிரீட் இருக்கே என்பீங்க. ஓரடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள உருண்டைக் குழியில் கொள்ளும் காங்கிரீட் சுமார் 125 கிலோதான். அதையும் கழித்தால் மிச்சம் ஏறத்தாழ 700 கிலோ. அந்த 700 கிலோவை யார் பிடிப்பது? சுற்றியுள்ள மண்தான் பிடிக்கணும். வேறு யாரும் இல்லை.

இந்த உண்மையை உலகம் சும்மா கற்றுக்கொள்ளவில்லை, உயிரைக் கொடுத்துத்தான் கற்றது. ஸ்காட்லாந்து தேசத்தில் டே என்ற ஆற்று முகத்துவாரத்தின் மேல் 1878-ல் ஒரு நீளமான ரயில் பாலம் திறந்தார்கள். கட்டியவர் தாமஸ் பௌச் என்ற பெயர் பெற்ற இன்ஜினீயர். 1879 டிசம்பர் 28-ஆம் தேதி இரவு, புயல் காற்றில், ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. சுமார் 75 பேர் மாண்டார்கள். விசாரணையில் பல குறைகள் வெளிவந்தன. வார்ப்பு சரியில்லை, பராமரிப்பு சரியில்லை. காற்றின் அழுத்தத்துக்கென்று தனியாகக் கணக்கே வைக்கவில்லை. அதோடு இன்னொன்று: இரும்புத் தூண்களைக் கீழே கல் கட்டடத்தோடு பிணைத்த போல்ட்டுகள் மேலே இருந்த இரண்டு வரிசைக் கல்லுக்குள் மட்டுமே இறங்கியிருந்தன. தூண் சாயும்போது அந்தக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போன இடங்கள் உண்டு. போல்ட் அறுபட வேண்டிய அவசியமே இல்லாமல், அது பிடித்திருந்த கல் கிளம்பிவிட்டது. நம் குடில் கதையும் இதேதான். குழாய் முறியாது. குழாய் பிடித்திருக்கிற மண் கிளம்பிவிடும்.

அந்த விபத்துக்கு முன்னாலேயே, இழுப்புக்கு விடை கண்டுபிடித்த ஒரு மனிதர் இருந்தார். அலெக்சாண்டர் மிட்சல் என்று பெயர். அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் செங்கல் தொழில் செய்தவர். வாலிப வயசிலேயே இரண்டு கண்ணும் பார்வை போய்விட்டது. கப்பலைக் கட்டி நிறுத்துவதற்குக் கடல் அடி மண்ணில் எதை இறக்கினாலும் அலை இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வருகிறதே என்று யோசித்தார். மரத்தில் திருகாணி எப்படி இறங்குகிறதோ அப்படி, நுனியில் அகலமான திருகு இலை வைத்த இரும்புக் கம்பத்தை மண்ணுக்குள் திருகி இறக்கினால்? மேலே இழுக்கும்போது இலைக்கு மேலிருக்கிற மண் முழுவதும் சேர்ந்து அழுத்துமே! 1833-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1838-ல் தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், மேப்ளின் என்ற மணல் திட்டில், அதே திருகுக் கம்பங்களை இறக்கி, அதன் மேல் கலங்கரை விளக்கம் எழுப்ப ஆரம்பித்தார்கள். காலடி வைத்தால் புதைகிற மணலில் சுமார் 90 வருஷம் அது நின்றது. கடைசியில் நீரோட்டம் அடி மணலை அரித்த பிறகுதான் போனது. மண் இருந்தவரை கம்பம் இருந்தது, மண் போனதும் கம்பமும் போனது.

மிட்சலின் வித்தை நமக்குத் தெரியாத ஒன்று என்று நினைக்காதீங்க. வயலில் மின்சாரக் கம்பம் நிற்கிறதே, அதற்கு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருப்பதைப் பாருங்க. அந்தக் கம்பியின் அடியில், மண்ணுக்குள், ஒரு இரும்புத் தகடு குறுக்கே புதைந்திருக்கிறது. தகடு என்ன எடை இருக்கும்? கையில் தூக்கிவிடலாம். ஆனால் அதைப் பிடுங்கணும் என்றால் அதன் மேலிருக்கிற மண்ணையும் சேர்த்துத் தூக்கணும். அடி அகலமாக, ஆழத்தில், கெட்டி மண்ணுக்குக் கீழே இருந்தால் பிடிப்பு உண்டு. இது ஒரு பாடம்.

நம் நாட்டிலும் இதில் பெரிய வேலை நடந்திருக்கிறது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதில் கட்டிய வீட்டுச் சுவர் எல்லாம் விரிசல் விடும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டது. மண்ணில் குறுகலாகத் துளை போட்டு, ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்குப் போய், அடியில் மட்டும் துளையைக் குடம் போல அகலப்படுத்திக் காங்கிரீட் போடுவது. தண்டு ஓரடி என்றால் குடம் இரண்டரை அடி. மேல் மண் உப்பி மேலே தூக்கினாலும், குடம் கீழ் மண்ணில் மாட்டிக்கொண்டு நிற்கும். மேலே தூக்குவது உப்பும் மண்ணானால் என்ன, காற்றானால் என்ன, பிடிக்கிற வழி ஒன்றுதான்.

சரி, பிடிக்கிற மண்ணே பொலபொலவென்று இருந்தால்? அடுத்த பாடம் அதுதான். மண்ணைக் கெட்டிப்படுத்த நம் முன்னோர் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டார்கள். ஏரிக் கரை, களத்து மேடு எல்லாம் அப்படித்தான். எவ்வளவு ஈரத்தில் இடித்தால் மண் அதிகமாக இறுகும் என்பதை அளந்து சொன்னவர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் அணைக்கட்டு வேலை பார்த்த ப்ராக்டர் என்ற இன்ஜினீயர், 1933-ல். காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் இறுகாது. சேறான மண்ணை இடித்தால் பிதுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. கையில் மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்க. உருண்டை நிற்கணும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது, கீழே போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடையணும். உழவுப் பதம் பார்க்கத் தெரிந்த விவசாயிக்கு இது கஷ்டமே இல்லை.

களிமண்ணாக இருந்தால் சுண்ணாம்பு உதவும். நூறு கிலோ மண்ணுக்கு 3 முதல் 6 கிலோ நீற்றிய சுண்ணாம்பு கலந்து, ஈரப்படுத்தி இடித்தால், களியின் உப்பும் குணம் குறைந்து மண் இறுகும். ஆனால் நம் பக்கத்துச் செம்மண் சரளையில் களி குறைவு. அங்கே சுண்ணாம்புக்கு அவ்வளவு வேலை இல்லை, கொஞ்சம் சிமெண்டு கலப்பதே பொருத்தம். எதுவானாலும் காலைச் சுற்றி மட்டும்தான். பாத்தி மண்ணில் சுண்ணாம்பு கலந்துவிட்டால் ரோஜா மஞ்சளடித்துப் போகும், அது லேசான புளிப்பு மண் கேட்கிற செடி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. அவற்றோடு லேத் பட்டறையும் வெல்டிங் பட்டறையும் தெருவுக்குத் தெரு வந்தன. பூ வளர்ப்பில் அமுதகொண்டபள்ளியில் டிட்கோ கூட்டில் டான்ஃப்ளோரா பூங்கா வந்தது, தளியில் இஸ்ரேல் நாட்டுக் கூட்டுறவோடு மலர் மகத்துவ மையம் வந்தது. 2005-06-ல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் தொடங்கிய பிறகு மானியம் கிடைத்து, சிறு விவசாயியும் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று குடில் போட்டார். ஆக, இரும்பு வேலை தெரிந்த கைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. ஆனால் மண் வேலைக்குத்தான் ஆள் பார்க்காமல் விட்டோம்.

நம் நிலம் மேடும் சரிவுமானது. குடில் போடும் முன் ஜேசிபி விட்டுச் சமன் செய்கிறோம். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளுகிறோம். முடிந்ததும் பார்த்தால் மைதானம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பாதி, காலங்காலமாக இறுகிய சரளை. மறு பாதி, நேற்றுக் கொட்டிய மண். மேலே ஒரே நிறம், உள்ளே இரண்டு குணம். குழியை மட்டும் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் எடுக்கிறார்கள். வெட்டிய பக்கத்துக் கால் அசையாது. கொட்டிய பக்கத்துக் கால், இரண்டு மழை நனைந்து, சித்திரை வைகாசிச் சூறைக்காற்றில் தளரும். ஒரு கால் தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் காலுக்குப் போகும், அப்புறம் அதற்கு அடுத்த காலுக்கு. குடில் வரிசையாக மடியும். மானியம் ஒரு தடவைதான். கடன் தவணை மாசா மாசம் வரும். குடில் விழுந்தால் தவணை நிற்காது, பூ வருமானம்தான் நிற்கும்.

ஆகவே குழி எடுக்கிற நாளில் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அங்கேயே நில்லுங்க. என்னென்ன பார்க்கணும் என்று சொல்கிறேன்.

முதலில், சமன் செய்யும் முன்பே எது வெட்டு, எது கொட்டு என்று முளை அடித்து அடையாளம் வையுங்க. கொட்டுகிற மண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, பதம் பார்த்து, ரோலரோ திமிசோ போட்டு இறுக்கணும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் உருட்டினால் பயன் இல்லை. கொட்டிய இடத்தில் குழி, பழைய கெட்டி மண்ணைத் தொடும்வரை இறங்கணும். கடப்பாரையைப் போட்டால் 'டங்' என்று கேட்கணும்.

இரண்டாவது, குழி குறுகலாக, சுவர் சிதையாமல் இருக்கணும். துளைக்கும் கருவியால் போடுவது நல்லது. ஜேசிபி வாளியால் பெரிதாகத் தோண்டி, நடுவில் குழாயை வைத்து, சுற்றி மண்ணைத் தள்ளி மூடினால், இறுகிய மண்ணை நாமே கெடுத்த மாதிரி. காங்கிரீட் நேராகக் கெட்டி மண்ணில் ஒட்டணும். ஆழம் இரண்டரை அடிக்குக் குறையக் கூடாது. ஓரத்துக் கால், மூலைக் கால் இன்னும் ஆழமாகப் போகட்டும், காற்று முதலில் மோதுவது அங்கேதான். அடியைக் கடப்பாரையால் கொஞ்சம் அகலப்படுத்துங்க. ரூர்க்கிக் குடத்தின் சின்னத் தம்பி அது.

மூன்றாவது, குழாயின் அடியில் துளை போட்டு ஒரு குறுக்குக் கம்பி செருகணும். இல்லாவிட்டால் காங்கிரீட் மண்ணில் இருக்கும், குழாய் மட்டும் உருவிக்கொண்டு போகும்.

நான்காவது, தண்ணீர். கூரைத் தண்ணீர் ஓடுகிற தகரக் காலின் ஒழுக்கு, கம்பத்தின் அடியில் விழக் கூடாது. ஊறிய மண் பிடியை விட்டுவிடும். தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரக் கொண்டுபோய் பண்ணைக் குட்டையில் சேருங்க, அது பாசனத்துக்கும் ஆகும். காங்கிரீட்டைத் தரைக்கு மேலே நாலு விரல் உயர்த்தி, சரிவாகப் பூசுங்க. உரத் தண்ணீர் தேங்கினால் தரை மட்டத்தில் துத்தநாகப் பூச்சு போய்த் துரு ஏறும்.

ஐந்தாவது, நம்பிக்கை வேண்டுமானால் சோதனை செய்யுங்க. கொட்டிய பக்கத்தில் ஒரு குழியில் காங்கிரீட் போட்டு, நன்றாக நீர் ஊற்றிப் பதப்படுத்தி, முக்காலி நிறுத்தி, செயின் பிளாக்கில் எடை காட்டும் கருவி மாட்டி இழுத்துப் பார்க்கலாம். முக்காலியின் கால் குழியை விட்டுத் தள்ளி இருக்கணும். ஒரு டன் இழுப்புக்கு அசையாவிட்டால் நிம்மதி. குடில் போட்டுக் கொடுப்பவரிடம் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்க. நல்ல வேலைக்காரர் கோபிக்க மாட்டார்.

குடில் எழுந்த பிறகும் ஒரு வேலை உண்டு. காற்று கிளம்பினால், காற்று வருகிற பக்கத்துத் திரையை உடனே இறக்குங்க. அந்தப் பக்கம் திறந்து மறு பக்கம் மூடியிருந்தால், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தள்ளும். பெருமழைக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கையால் அசைத்துப் பாருங்க. காங்கிரீட்டைச் சுற்றி மண்ணில் வளையமாக விரிசல் தெரிந்தால், அந்தக் கால் தளர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஸ்டே இழுத்துக் கட்டிவிட்டு, மண்ணைப் பதத்தில் இடித்து இறுக்கிவிடுங்க.

விவசாயப் பெருமக்களே, நம் நடுகல் கனத்தால் நிற்கிறது. நம் குடிலுக்கு அந்தக் கனம் இல்லை, மண்ணின் பிடிதான் அதற்குக் கனம். குழாய்க்குப் பேரம் பேசுகிற அக்கறையில் பாதியைக் குழிக்குக் கொடுங்க, குடில் நிற்கும்.